கடைக்கும் குடோனுக்கும் கம்பியில்லாப் பாலம்

மதுரை கீழமாசி வீதியானாலும் சேலம் லீ பஜாரானாலும் மொத்த வியாபாரிகளின் நிலைமை ஒன்றுதான். கடை ஓரிடம், குடோன் வேறிடம். கடைவீதியில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாவதில்லை. லாரி நிற்கவும் வழியில்லை. எனவே நாலு தெரு தள்ளிச் சரக்கை இறக்கி வைக்கிறோம். பில் கடையில், மூட்டை குடோனில்.

இந்த இடைவெளியால் நமக்கு ஏற்படும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியூர்க் கடைக்காரர் பத்து மூட்டை துவரம் பருப்பு கேட்கிறார். கம்ப்யூட்டர் இருப்பு பன்னிரண்டு என்கிறது. பில் போட்டு ஆளை அனுப்பினால் குடோனில் ஏழுதான் இருக்கிறது. காலையில் வெளியே போன ஐந்து மூட்டையின் சீட்டு இன்னும் கடைக்கு வந்து சேரவில்லை! பில்லை ரத்து செய்ய வேண்டும். வாடிக்கையாளரிடம் சமாதானம் சொல்ல வேண்டும். இரண்டு முறை இப்படி நடந்தால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சட்டமும் ஒரு காரணம். 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் காட்டிய ஒவ்வொரு இடத்துக்குமான கணக்கு அந்தந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். அதிகாரி குடோனுக்கு வந்து இருப்பைக் கேட்டால், "கடையில் இருக்கிறது" என்ற பதில் செல்லாது.

ஆகவே இரண்டு கட்டடங்களின் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக இணைப்பது இன்று ஆடம்பரம் அல்ல, அவசியம்.

என்னென்ன வழிகள்?

முதல் வழி சாதாரண நெட்வொர்க் கேபிள். இது 100 மீட்டர் வரைதான் சரியாக வேலை செய்யும். தெருவைக் கடந்து கம்பி இழுக்க அனுமதி வேண்டும். மின்கம்பத்தில் கட்டவும் கூடாது. இரண்டாவது கண்ணாடி இழைக் கேபிள். தூரத்துக்கு அஞ்சாது, இடிக்கும் அஞ்சாது. ஒரே காம்பவுண்டுக்குள் கடையும் குடோனும் இருந்தால் இதுவே மேல். ஆனால் பொதுத் தெருவில் தோண்டிப் புதைப்பது நம் சக்திக்கு மீறியது. மூன்றாவது, இரண்டு இடத்திலும் இண்டர்நெட் வாங்கி இணைப்பது. மாதம் இரண்டு வாடகை. எந்தப் பக்கம் நெட் போனாலும் வேலை நிற்கும். குடோன் வேறு ஊரில் இருந்தால் இதைத் தவிர வழியில்லை.

நான்காவதுதான் 'ஒயர்லெஸ் பிரிட்ஜ்' எனப்படும் கம்பியில்லாப் பாலம். கடை மாடியில் ஒரு கருவி, குடோன் மாடியில் ஒரு கருவி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். ரேடியோ மூலம் கம்ப்யூட்டர்களை இணைப்பது புதிய விஷயமும் அல்ல. 1971-லேயே ஹவாய் பல்கலைக்கழகத்தார் இப்படி இணைத்துக் காட்டினார்கள். கருவிகளின் விலை இப்போது சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. மாத வாடகை கிடையாது. இண்டர்நெட் போனாலும் கடைக்கும் குடோனுக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை.

லைசென்ஸ் வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதிக்கு 2018-லும் மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. அரசு நிர்ணயித்த சக்திக்குள் இயங்கும், அங்கீகாரம் பெற்ற கருவியாக இருக்க வேண்டும். ரசீதோடு வாங்குங்கள். கடைவீதியில் வீட்டுக்கு வீடு வைஃபை இருப்பதால் 2.4 வரிசையில் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் கருவியே நல்லது.

வாங்கும் முன் மாடி ஏறுங்கள்

கருவியை விலை பேசும் முன் கடை மாடியில் ஏறிப் பார்க்க வேண்டும். குடோன் மாடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் பாலம் நிற்காது. கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் போல நேராகப் போவதில்லை. நடுவில் சுரைக்காய் போலப் பருத்துப் போகிறது. 500 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் சுற்றிலும் சுமார் இரண்டரை மீட்டர் அந்தப் பருமன். அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்க வேண்டும். எனவே கருவியை இரும்புக் குழாயில் உயர்த்திக் கட்டுங்கள்.

மரத்தை லேசாக எண்ணாதீர்கள். இலை உதிர்ந்த வேப்பமரத்தின் ஊடே நன்றாக வேலை செய்யும் இணைப்பு, தழைத்து மழையில் நனைந்ததும் தடுமாறும். இந்தத் தூரத்துக்கு வெறும் மழை 5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஒன்றும் செய்வதில்லை. ஈர இலைதான் எதிரி. அடுத்த மனைக்காரர் மாடி எழுப்பப் போகிறாரா என்பதையும் விசாரித்து வைப்பது நல்லது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டு கருவிகளும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். கருவிக்கு மாடியில் தனி மின்சாரம் வேண்டாம். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏறும். அந்தக் கேபிள் வெயில் தாங்கும் வெளிப்புற ரகமாக, செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிள் பின்னால் தொல்லை தரும்.

இடி மின்னல் பெரிய பகை. குழாய்க்கு எர்த் போட வேண்டும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைப் பார்த்தால், ஒரே இடியில் கடைக் கம்ப்யூட்டர் எல்லாம் போய்விடும்.

மின்சாரம் போனாலும் பாலம் நிற்க இரு பக்கமும் சிறு யு.பி.எஸ். தேவை.

இணைத்த பிறகு இரு கட்டடமும் ஒரே நெட்வொர்க். ஆகவே கம்ப்யூட்டர்களுக்கு முகவரி தரும் வேலையை ஒரே ஒரு ரவுட்டரிடம் விட வேண்டும். குடோனில் பழைய ரவுட்டர் ஒன்று தானும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், இன்று வரும், நாளை வராது என்ற கதையாகிவிடும். பழுது இதுவாக இருக்க, பலர் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கருவியோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றி, புதியதை முதலாளியே வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ அலை நம் சுவரோடு நிற்பதில்லை. நம் கொள்முதல் விலை வெளியே போனால் வியாபாரம் என்ன ஆகும்?

கணக்கு எப்படி?

டேலி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில்வர் லைசென்ஸ் ஒரே கம்ப்யூட்டருக்கு. ஒரே நெட்வொர்க்கில் பலர் வேலை செய்ய கோல்டு வேண்டும். கணக்குக் கோப்பு கடையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பு கெட்டுப்போகும் அபாயம் உண்டு. ஆகவே தினமும் கடை அடைக்கும் முன் நகல் எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பாலம் போட்டுவிட்டால் இருப்பு தானாகச் சரியாகிவிடாது. மூட்டை வாசல் தாண்டும் முன் பதிவு செய்யும் பழக்கம் குடோன் ஆளுக்கு வர வேண்டும். அவருக்கு ஒரு வாரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். பெரிய நிறுவனங்கள் இருப்பை விரல் நுனியில் வைத்துக்கொண்டுதான் நம்மோடு போட்டி போடுகின்றன. அதே வசதி இன்று நம் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. கேட்ட சரக்கைக் கேட்ட நேரத்தில் "இருக்கிறது" என்று துணிந்து சொல்லும் வியாபாரியைத் தேடித்தான் வாடிக்கையாளர் வருவார்.