மறைக்கப்பட்ட சுவரோவியமும் மீட்பின் எல்லைகளும்

வெயிலுக்கும் மழைக்கும் இலக்காகி நிற்கும் சுவரோவியமொன்று சிதைவுறும்போது அதனைப் பேணுவதென்பது யாது? அழிந்த பகுதிகளை மீளத் தீட்டுவதா, எஞ்சியதை எஞ்சியவாறே காப்பதா? மெக்சிக்க ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் 1932 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தீட்டிய ‘வெப்பமண்டல அமெரிக்கா’வின் வரலாற்றை இவ்வினாவின் அடிப்படையில் நாம் நோக்கலாம்.

ஒல்வெரா வீதிக் கட்டிடமொன்றின் மேல்மாடிப் புறச்சுவரில், ஏறத்தாழ 80 அடி நீளமும் 18 அடி உயரமும் உடையதாக அவ்வோவியம் அமைந்தது. அதனை வரைவித்தோர் எதிர்பார்த்தது உல்லாசப் பயணிகளைக் கவரும் வளமார்ந்த காட்சியொன்றையே. ஓவியரோ, அமெரிக்கக் கழுகின் கீழே சிலுவையில் அறையுண்ட பூர்வகுடி உழவனையும், அக்கழுகைக் குறிபார்க்கும் ஆயுதந்தாங்கிய இருவரையும் தீட்டினார். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது மெக்சிக்கத் தொழிலாளர் பெருந்தொகையினராய் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட காலம் அது. வீதியிலிருந்து தெரிந்த பகுதி ஓராண்டுக்குள்ளும், எஞ்சியது ஏறத்தாழப் பத்தாண்டுக்குள்ளும் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன.

1960களின் பிற்பகுதியில் அப்பூச்சு உரிந்து உருவங்கள் மீண்டும் தென்படலாயின. 1971 இல் ஆராய்ந்த மெக்சிக்க வல்லுநர், பழைய நிலைக்கு மீட்டல் இயலாது, பேணலே இயலும் என முடிவுசெய்தனர். 1988 முதல் கெற்றி பேணல் நிறுவனம் இப்பணியில் பங்குகொண்டது. பூச்சின் எச்சங்களும் அழுக்கும் அகற்றப்பட்டன. சுவரினின்று பெயர்ந்த சாந்து மீளப் பிணைக்கப்பட்டது. ஓவியத்தின்மேல் நிழற்கூரையும், எதிரே பார்வையாளர் மேடையும் அமைக்கப்பட்டன. திறப்புவிழா நடந்து சரியாக 80 ஆண்டுகளின் பின், 2012 ஒக்டோபர் 9 ஆந் திகதி அது மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது.

ஆயின், இழந்த வர்ணங்கள் மீளத் தீட்டப்படவில்லை. மூல ஓவியத்தை முழுமையாகக் காட்டுவன கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களே. ஓவியரும் 1974 இல் மறைந்துவிட்டார். இந்நிலையில் புதிதாகத் தீட்டப்படுவது பிறரது கற்பனையாகவே அமையும்.

இதனினும் முக்கியமான காரணமொன்றுண்டு. மங்கிய அச்சுவர் ஓவியரின் படைப்பாக மட்டுமன்றி, அதனை அழிக்க முனைந்த சமூக சக்திகளின் சாட்சியாகவும் நிற்கின்றது. பளபளக்கும் புதுவர்ணம் அச்சாட்சியத்தை இரண்டாம் முறையும் மறைத்துவிடும். எனவே, பேணுதல் வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. எவ்வரலாற்றைக் காப்பது என்னும் கருத்துநிலைப் பிரச்சினையுமாகும் என்பதே எமது துணிபு.