வளைந்த விரலும் ஏழு இடக் குறியீடும்

விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி வந்து விரல் எலும்புகளில் பதிகின்றன. உள்ளங்கைப் பக்கம் ஓடுபவை மடக்கும்; புறங்கைப் பக்கம் ஓடுபவை நீட்டும். புறங்கை நாண் விரல்மேல் ஏறியதும் மெல்லிய தகடாகப் பரந்து மூன்றாகப் பிரிகிறது. நடு இழை, விரலின் நடு எலும்பில் பதிகிறது. பக்க இழைகள் இரண்டும் மேலே போய், மறுபடி ஒன்றுசேர்ந்து நுனி எலும்பைப் பிடிக்கின்றன. தோலுக்கும் எலும்புக்கும் இடையே இந்த நாணுக்குக் கிடைப்பது மிகக் கொஞ்ச இடம். சமையலறைக் கத்தியின் சிறு வெட்டுகூட அதை அறுத்துவிடுவது அதனால்தான்.

எங்கே அறுகிறதோ அதற்கேற்ப விரல் கோணும். நுனியில் அறுந்தால் நுனி மூட்டு தொங்கிவிடும், தானாக நிமிராது. இதுதான் மேலட் ஃபிங்கர். வேகமாக வரும் பந்து நீட்டிய விரல் நுனியில் மோதினாலே போதும், நாண் பிய்ந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு பேஸ்பால் ஃபிங்கர் என்றும் ஒரு பெயர். நுனி மூட்டை நேராக நிறுத்தி ஸ்ப்ளின்ட் கட்டி, ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் விடாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மடங்கிவிட்டாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

நடு இழை அறுந்தால் சங்கதி இன்னும் சிக்கல். பக்க இழைகள் மெல்ல உள்ளங்கைப் பக்கமாகச் சரியும். எலும்பின் தலை, சட்டைத் துளையில் பொத்தான் நுழைவதுபோல, இரண்டு இழைகளுக்கும் நடுவே மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். நடு மூட்டு மடங்கிப்போகும், நுனி பின்னோக்கி வளையும். பூட்டனியர் என்பது இந்தக் கோணல். தோல் கிழியாமல் உள்ளுக்குள் அறுந்திருந்தால், அடிபட்ட அன்று வெறும் வீக்கமாகவே தெரியும்; கோணல் தலைகாட்டச் சில வாரங்கள்கூட ஆகலாம். இதற்கு நேர்மாறானது ஸ்வான் நெக்: நடு மூட்டு பின்னோக்கி வளைந்து, நுனி மடங்கியிருக்கும். முடக்குவாதம் முற்றியவர்களின் கைகளில் இதைப் பார்க்கலாம்.

அமெரிக்க மருத்துவமனைகள் இவற்றையெல்லாம் ஐ.சி.டி-10-சி.எம். என்ற தொகுதியின் குறியீடுகளாக எழுதுகின்றன. அதன் மூதாதை, பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் 1893-இல் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல். சாவைக் கணக்கிடப் பிறந்த அந்தப் பட்டியலை 1948-இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றெடுத்தது. அப்போதிருந்து நோய்களும் காயங்களும் அதில் முறையாக இடம்பெற்றன. அமெரிக்கா தனக்கென விரித்தெழுதிக்கொண்ட பத்தாம் பதிப்பு 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

ஒருவர் வெங்காயம் நறுக்கும்போது வலது நடுவிரலின் புறப்பக்கத்தை வெட்டிக்கொள்கிறார், நீட்டும் நாண் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு எஸ்66.322ஏ. 'எஸ்' என்றால் காயம். 66 என்றால் மணிக்கட்டு, கை மட்டத்தில் தசையும் நாணும். அடுத்த 3, கட்டைவிரல் அல்லாத விரலின் நீட்டும் நாண். மடக்கும் நாணாக இருந்தால் அங்கே 1 வரும். அதற்கடுத்த 2, வெட்டு. வெறும் இழுப்பென்றால் 1. ஆறாவது இடத்து 2, வலது நடுவிரல். இடது நடுவிரலுக்கு 3. தோல் வெட்டுக்கு எஸ்61-இல் தனிக் குறியீடு, கத்தி பட்டதற்கு டபிள்யூ26.0 என்று தொடங்கும் இன்னொன்று.

ஏழாவது இடத்து 'ஏ'யைப் பலர் முதல் வருகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. காயத்துக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை 'ஏ'தான். அவசரப் பிரிவு மருத்துவரும் எழுதலாம், மறுநாள் நாணைத் தைக்கும் அறுவை மருத்துவரும் எழுதலாம். ஆறிவரும் காலத்துப் பராமரிப்புக்கு 'டி'. ஆறிய பிறகு மிஞ்சும் பாதிப்புக்கு 'எஸ்'.

கோணல்களுக்கு இருப்பிடம் வேறு. எலும்பு, தசை நோய்களுக்கான 'எம்' அத்தியாயத்தில் எம்20.01 மேலட், எம்20.02 பூட்டனியர், எம்20.03 ஸ்வான் நெக். கடைசி இடத்தில் 1 வலது கை, 2 இடது கை, 9 எந்தக் கை என்று குறிப்பிடப்படாதது. எந்த விரல் என்று சொல்ல இங்கே இடமே இல்லை. மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு சொடுக்கென்று நிமிரும் ட்ரிக்கர் ஃபிங்கருக்கோ எம்65.341 என்று எழுதினால் வலது மோதிர விரல் என்பதுவரை தெரிந்துவிடும். இந்தப் பாரபட்சம் எனக்கு ஒப்பவில்லை. ஆள்காட்டி விரல் கோணினால் ஊசியில் நூல் கோர்ப்பது முதல் பேனா பிடிப்பதுவரை எல்லாமே சிரமம். சுண்டுவிரல் கோணினால் படும் பாடு வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைப்பது நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் இழப்பு.

அமெரிக்க மருத்துவக் குறிப்புகளைப் படித்து இந்த எண்களை எழுதும் வேலையைச் சென்னையில் ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். மெடிக்கல் கோடிங் என்றால் தட்டச்சு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உடற்கூறு தெரியாமல் இதைச் செய்யவே முடியாது. எக்ஸ்ரேயில் நாணோடு ஒரு எலும்புச் சில்லும் பெயர்ந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதியிருந்தால், அது நுனி எலும்பின் முறிவாகி எஸ்62-க்குப் போய்விடும். மருத்துவர் எழுதாததைக் கோடர் ஊகிக்கவும் கூடாது. வலதா இடதா என்பது குறிப்பில் எங்குமே இல்லையென்றால், கேள்வி அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 9-இல் முடியும் எண்தான் மிச்சம். காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்ததும் விளக்கம் கேட்க வாய்ப்பு அதிகம்.

அந்த வெங்காயக் காயத்துக்கே திரும்புவோம். தையல் பிரித்துப் பல மாதம் கழித்து, நடு மூட்டு மடங்கி நிமிர மறுக்கிறது என்று அதே மனிதர் வருகிறார். இப்போது இரண்டு குறியீடுகள் வேண்டும். முதலில் எம்20.021, வலது கை விரலின் பூட்டனியர். அதற்கடுத்து எஸ்66.322எஸ், அதைக் கொண்டுவந்த பழைய வெட்டு. வரிசையை மாற்றி எழுத விதி இடம் தருவதில்லை.