மூன்றெழுத்துச் சொல்லுக்கு 645 அர்த்தம்! தெரியுமா?

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வினைச்சொல். ரன்! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதற்கு எத்தனை பொருள் தருகிறது தெரியுமா? 645! பெயர்ச்சொல்லாக வரும் ரன் இந்தக் கணக்கில் இல்லை. வினைச்சொல்லுக்கு மட்டுமே இத்தனை. அவற்றைப் பிரித்து வரிசைப்படுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு 9 மாதங்கள் பிடித்தன. ஒரே ஒரு சொல்லுக்கு!

அகராதியிலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற முதலிடம் ரன்னுக்குச் சும்மா கிடைக்கவில்லை. நெடுங்காலம் அங்கே அமர்ந்திருந்தது செட் என்ற சொல். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள்கள். பிறகு அகராதியை முழுதாகத் திருத்தும் வேலை தொடங்கியது. 2000-இல் மேக் முந்தியது, 2007-இல் புட் முந்தியது, 2011-இல் ரன் எல்லாவற்றையும் முந்திவிட்டது!

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் சளி பிடித்துக் கிடந்தாள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் மூக்கு 'ரன்' ஆகிறது என்று படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. "சித்தி, மூக்குக்குக் கால் இருக்கா என்ன? எங்க ஓடுது?" கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். அந்தக் கைக்குட்டையிலேயே பதில் இருக்கிறது. மூக்கு ஓடவில்லை, ஒழுகுகிறது. ரன் பிறந்தபோதே அதற்குள் காலும் இருந்தது, தண்ணீரும் இருந்தது! ஜெர்மானிய மொழிகளின் மூதாதை மொழியில் அந்தச் சொல்லுக்கு ஓடுவதும் பொருள், நீர் பாய்வதும் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ரினென் என்றால் நீர் வழிவது, ரென்னென் என்றால் காலால் ஓடுவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக்கொண்டது. குழாய் ரன் ஆவதும், துவைத்த துணியில் சாயம் ரன் ஆவதும் அந்தப் பழைய தண்ணீரின் மிச்சம்தான்.

ஓடும் தண்ணீருக்கே ரன் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் நடந்தது. அதன் பெயர் புல் ரன். காளை ஓட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்! புல் ரன் ஓர் ஓடை. அந்தப் பக்கத்தில் சிற்றோடைகளை ரன் என்றே அழைப்பார்கள். நாமும் ஓடுவதை வைத்துத்தானே ஓடை என்கிறோம்!

சீஸ் செய்யப் பாலில் விடும் ரென்னெட் தெரியுமா? கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் அது. அதுவும் ரன்னின் உறவுக்காரச் சொல்தான் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். பால் ஓடிவந்து ஒன்றுகூடிக் கட்டியாகிறது, அதனால் அந்தப் பெயர். எனக்கு இதில் வியப்பே இல்லை. ஊர் ஊராகத் திரிகிறவனுக்கும் கெட்டுப்போகும் பாலுக்கும் நாமும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்: பால் திரிந்துவிட்டது!

இன்னொரு விந்தை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ரின்னன் என்ற வடிவம் இருந்தது, இயர்னன் என்ற வடிவமும் இருந்தது. முன்னால் நிற்க வேண்டிய 'ர' ஒலி உயிரைத் தாண்டிப் பின்னால் போய் நின்றுவிட்டது. தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் பள்ளியில் படித்தோமே, இலக்கணப்போலி, அதே கூத்து!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. தமிழில் ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. தன்வினை, பிறவினை என்று கோடு போட்டுப் பிரித்துவிட்டோம். பழைய ஆங்கிலத்திலும் தானே ஓடுவதற்கு ஒரு சொல், பிறரை ஓடச்செய்வதற்கு ஒரு சொல் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் குதிரையும் ரன் ஆகிறது, குதிரைக்காரனும் குதிரையை ரன் பண்ணுகிறான். கடை, கம்பெனி, அரசாங்கம் எல்லாமே அங்கே ரன்! ஆனால் நாம் கடையை ஓட்டுவதைவிட அதிகம் 'நடத்து'கிறோம். அவர்களுக்கு ஓட்டம், நமக்கு நடை. தேர்தல் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் ரன் பண்ணுவார். பிரிட்டிஷ் வேட்பாளரோ நம்மவரைப் போலத் தேர்தலில் 'நிற்பார்'.

கிரிக்கெட்டில் எடுக்கும் ரன்னுக்கும் ஒரு கதை உண்டு. அதன் பழைய பெயர் நாட்ச், அதாவது வெட்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டித்தான் அந்தக் காலத்தில் கணக்கு வைத்தார்கள்!

சரி, இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து பெரும் பங்கு இயந்திரங்களுக்கு. கடிகாரம், ரயில், ஆலை, மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று புதிதாக எது வந்தாலும், அது இயங்குவதைச் சொல்லக் கைக்கு வந்த சொல் ரன். நாமும் சளைத்தவர்களா? நம் ஊரில் வண்டி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனதில் ஏதேதோ ஓடுகிறது, பிழைப்பு எப்படியோ ஓடுகிறது.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஒரு தாளில் 'ஓடு' என்று எழுதி, தமிழில் எதெல்லாம் ஓடுகிறது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். இருபதைத் தாண்டினால் எனக்கும் எழுதி அனுப்புங்கள்!