பிடியரிசியும் கட்டற்ற மென்பொருளும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றது. அவ்விடத்தில் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகின்றது. ஏலக்காய் விளையும் இம்மலைப் பகுதியில் எல்லையின் இருபுறத்தும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கின்றனர். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. இத்தகைய இடங்களில் பணிபுரியும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கையாளும் கருவிகள் சிலவற்றுக்கு விலையே இல்லை. அவற்றை ஆக்கியவர் யாவர்? அவற்றைப் பேணும் செலவை ஏற்பவர் யாவர்? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விலையில்லாக் கருவிகள்

கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகின்றது. யாவரும் பயன்படுத்தவும், மூலநிரலைப் படித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனப்படும். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், 2019ஆம் ஆண்டில் உபுண்டு என்னும் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பு ஒன்றைச் சுமார் 2 இலட்சம் பள்ளிக் கணினிகளுக்கென வெளியிட்டது. உபுண்டுவோ, 1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியன் என்னும் இயங்குதளத்தின்மேல் எழுப்பப்பட்டது. டெபியனை உலகெங்குமுள்ள தொண்டர்கள் பேணுகின்றனர்; நன்கொடையாக வரும் பணமும் பொருளும் அதற்குத் துணைசெய்கின்றன.

கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் உதவும் லிப்ரே ஆபீஸ், நிலப்படம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் ஆகியவையும் இவ்வகையினவே. எனவே, மலைமேல் உள்ள ஒரு பள்ளியில் மாணவி ஒருத்தி கணினியை இயக்கும்பொழுது, அவள் அறியாத பலருடைய உழைப்பும் ஈகையும் அவளுக்குப் பயன்படுகின்றன.

விலையின்மை வேறு, செலவின்மை வேறு

மென்பொருளை ஒருமுறை ஆக்கிவிட்டால், அதனைப் படியெடுப்பதற்கு ஏறக்குறையச் செலவில்லை. ஆனால், அதனைப் பேணுவதற்குச் செலவு உண்டு. பிழைகளைக் களைய வேண்டும். புதிய கணினிகளுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். வழங்கிகளுக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்ட வேண்டும். மலைச்சாலையை அமைத்தால் மட்டும் போதாது. மழைதோறும் சரியும் மண்ணை அகற்றவும் ஆள் வேண்டும்.

இச்செலவைப் புறக்கணித்தால் நேர்வது யாது என்பதை 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலகம் கண்டது. ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் கட்டற்ற மென்பொருள், இணையத்தில் செல்லும் கடவுச்சொற்களையும் வங்கிச் செய்திகளையும் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புகின்றது. கணக்கற்ற வழங்கிகள் இதனை நம்பியிருந்தன. இரு கணினிகள் தொடர்பில் இருக்கும்பொழுது, மற்றது விழித்திருக்கின்றதா என்று அறிய, ஒன்று ஒரு சொல்லை அனுப்பித் திருப்பிக் கேட்கும். அச்சொல்லின் நீளத்தையும் குறிப்பிடும். அந்நீளம் மெய்தானா என்று ஓப்பன் எஸ்எஸ்எல் சரிபார்க்கவில்லை. சிறு சொல்லை அனுப்பி, அது பல்லாயிரம் எழுத்துடையது என்று பொய்யாகக் குறிப்பிட்டால், வழங்கியானது தன் நினைவகத்தில் அருகே கிடந்த செய்திகளையும் சேர்த்து அனுப்பிவிடும். பிறருடைய கடவுச்சொற்களும் அவற்றுள் இருக்கக்கூடும். 2012ஆம் ஆண்டில் வெளியான பதிப்பில் புகுந்த இப்பிழை ஈராண்டுகள் வெளிப்படாமல் இருந்தது.

அம்மென்பொருளுக்கு அதுவரை ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் மட்டுமே. முழுநேரமும் அப்பணியில் இருந்தவர் ஒருவர். பெரு நிறுவனங்கள் பலவும் அதனைப் பயன்படுத்தின; எனினும், வேறு யாரேனும் பேணுவர் என்றே யாவரும் எண்ணியிருந்தனர். பிழை வெளிப்பட்ட பின்னரே நிறுவனங்கள் சில ஒன்றுகூடி நிதி திரட்டின.

நம் நாட்டுப் பழைய முறை

பொதுப்பொருளைச் சிறு ஈகையால் பேணுவது தமிழர்க்குப் புதிதன்று. விருதுநகரில் 1889ஆம் ஆண்டில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வணிகர் அளித்த மகமையும், இல்லந்தோறும் திரட்டிய பிடியரிசியும் துணையாக நின்றன. மகமை என்பது வணிகத்தின்மீது ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சிறு கட்டணம். பிடியரிசி என்பது உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பது. காமராசர் இளமையில் பயின்றது இப்பள்ளியிலேயாம்.

ஒரு பிடி அரிசியால் எந்த வீடும் வறுமை அடைவதில்லை. ஆயினும், அது நாள் தவறாமல் சேர்வதால் பள்ளிக்கு வரவு இவ்வளவு என்று முன்கூட்டியே மதிப்பிட இயலும். கொடுப்பவர் பலராதலால், ஒருவர் விலகினாலும் பள்ளி நிற்காது; எவரேனும் ஒருவருடைய விருப்பத்துக்குப் பள்ளி கட்டுப்பட வேண்டிய நிலையும் எழாது. கட்டற்ற ஆக்கங்களுக்கு வேண்டிய நிதியின் இயல்பும் இதுவே.

தமிழில் இரு முயற்சிகள்

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதன் தலைவர். தமிழ் இலக்கிய நூல்களை மின்னுரையாக்கி, யாவரும் இலவசமாகப் பெற வகைசெய்வதே இதன் நோக்கம். தட்டெழுதுவோரும் மெய்ப்புப் பார்ப்போரும் ஊதியம் பெறாத் தொண்டர்கள். இவ்வாறு ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்துள்ளன. இங்கே முதன்மையான நன்கொடை உழைப்பேயாகும்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் வைத்த அறிவுச் செல்வம் ஓரிரவில் அழியக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 2005ஆம் ஆண்டில் தோன்றிய நூலகம் என்னும் முயற்சி, இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் எண்ணிம வடிவில் சேமித்துப் பொதுவில் வைக்கின்றது. இப்பணிக்கு வருடிகளும் சேமிப்புக் கருவிகளும் ஊதியம் பெறும் ஊழியரும் தேவை. ஆகவே, உழைப்போடு பணமும் இன்றியமையாதது. பல நாடுகளில் வாழும் தமிழரின் நன்கொடை இதனைத் தாங்குகின்றது.

நன்கொடையின் எல்லை

தன்விருப்ப நன்கொடை எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்று கொள்ளலாகாது. பலருக்கும் தெரிந்த பணிக்கு நிதி எளிதில் சேரும். ஓப்பன் எஸ்எஸ்எல் போலக் கண்ணுக்குப் புலப்படாத பணியைப் பலரும் மறந்துவிடுவர். எனவே, அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. பாரதியாரின் நூல்களுக்குரிய பதிப்புரிமையை 1949ஆம் ஆண்டில் சென்னை அரசே பெற்றுப் பின்னர் மக்களுக்கு உரியதாக்கியது. 2024ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த ஜிரோதா நிறுவனம், கட்டற்ற மென்பொருள்களுக்கென ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் நிதியை அறிவித்தது. இவை வேண்டற்பாலனவே, எனினும் ஒரே கொடையாளரை நம்பும் பணி, அவர் மனம் மாறும் நாளில் தளர்ந்துவிடும். பலருடைய சிறு தொகையே அதற்கு உறுதி தரும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நம் பள்ளியும் அலுவலகமும் எந்தெந்தக் கட்டற்ற ஆக்கங்களைப் பயன்படுத்துகின்றன என்று பட்டியல் எழுதுக. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, இயன்ற சிறு தொகையை ஆண்டுதோறும் தவறாமல் அளிக்கலாம். கொடுப்பதற்கு முன், அவ்வமைப்பு வரவு செலவுக் கணக்கை வெளியிடுகின்றதா என்று பார்த்தல் அவசியம். நிதி திரட்ட முற்படுவோர், வெளிநாட்டு நன்கொடையைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும் என்பதை மறத்தலாகாது.

பணம் அளிக்க இயலாதோர் உழைப்பை அளிக்கலாம். ஆசிரியர் பழைய நூல் ஒன்றின் மின்னுரையில் சில பக்கங்களை மெய்ப்புப் பார்க்கலாம். களப்பணியாளர், தாம் நடந்து அறிந்த மலைப்பாதைகளையும் ஊற்றுகளையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது நிலப்படத்தில் குறிக்கலாம். மென்பொருளில் பிழை காண்போர் அதனைத் தெளிவாக எழுதித் தெரிவித்தலும் ஒரு தொண்டேயாகும்.

இவ்வாக்கங்களிலிருந்து நாம் நாள்தோறும் எடுத்துக்கொள்கின்றோம். அவை அடுத்த தலைமுறை மாணவர்க்கும் கிடைக்க வேண்டுமாயின், நம் பங்காகிய ஒரு பிடியை நாம் எடுத்து வைத்தல் வேண்டும்.