மலையடித் தோப்புக்கு ஏற்ற சிறு டிராக்டர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் அடிவாரத் தோப்புகளில் நிலம் சரிந்தும் கல் விரவியும் இருக்குமிடத்து, டிராக்டரைக் குதிரைத்திறனைவிட அதன் நிலைத்தன்மையைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மரவரிசைகளுக்கு இடையிலான உழவுக்கு 20 முதல் 30 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர் பெரும்பாலும் போதுமானது. எனினும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு இருந்தால், முன்சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதால், இளகிய மண்ணிலும் ஏற்றத்திலும் வழுக்கல் குறைகிறது.

ஒடுக்கமான வண்டி மரங்களுக்கிடையே எளிதில் நுழையும் என்றாலும், சக்கர இடைவெளி குறையக் குறையச் சரிவில் கவிழும் அபாயம் கூடுகிறது. ஆகவே அந்த இடைவெளியை அகலப்படுத்த இயல்வதும், எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளியாகிய ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதுமான வண்டியே ஏற்றது. பின்புறம் ரொட்டவேட்டர் தொங்கும்போது முன்பக்கம் தூக்காதிருக்க எடைக்கட்டைகள் தேவை. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் வலுவான இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உயிர்காப்பன என்பதால், விலையைக் கருதி அவற்றைத் தவிர்க்கலாகாது.

இறக்கத்தில் கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடாமல், தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கும் வழங்குவதால், ஆண்டில் சில நாள் உழவே உள்ள சிறு விவசாயி, வாங்குமுன் அவ்வழியையும் ஒப்பிட்டு முடிவெடுப்பது கடன்சுமையைத் தவிர்க்கும்.