கடற்பாசிச் சிதைவும் கடலோர வாழ்வாதாரமும்

வயலின் விளைச்சலைக் கணக்கிடும்போது நெல்லுடன் வைக்கோலுக்கும் ஓரிடம் தருகிறோம். வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாகிறது. மாட்டின் சாணம் மீண்டும் வயலுக்கு எருவாகிறது. இத்தகைய சுழற்சி கடலடியிலும் இடையறாது நடைபெறுகிறது. ஆயினும், அங்கு உதிர்வதும் மட்குவதும் நம் கணக்கில் இடம்பெறுவதில்லை. அறுவடையாகும் கடற்பாசி செல்வம் என்றும், அறுவடையாகாமல் அழிவது வீணாகும் செல்வம் என்றும் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. கடல் ஆய்வுகள் இக்கருத்துக்கு மாறான முடிவையே காட்டுகின்றன.

கெல்ப் காடுகள் தரும் பாடம்

குளிர்ந்த கடல்களின் பாறைக் கரைகளில் கெல்ப் எனப்படும் பெரும் பழுப்புப் பாசிகள் காடுபோல் அடர்ந்து வளர்கின்றன. கலிபோர்னியக் கரையில் உள்ள மிகப் பெரிய இனம் ஏற்ற சூழலில் நாளொன்றுக்கு அரை மீட்டர் வரை நீளக்கூடியது. இவ்வளவு விளைந்தும், கடல் முள்ளெலிகளும் நத்தைகளும் நேரடியாக மேய்வது அதில் ஒரு சிறு பகுதியே. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கெல்ப் விளைச்சலில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டது சிதைவுப் பொருளாகிறது என மதிப்பிட்டுள்ளது.

இச்சிதைவு எவ்வாறு நிகழ்கிறது? கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் ஆராய்ந்த கே. எச். மான் என்னும் அறிஞர் 1970களில் இதனை விளக்கினார். கெல்ப் இலை அடியில் வளர்கிறது. நுனியில் தேய்ந்து உதிர்கிறது. ஓராண்டில் ஒன்று முதல் ஐந்து முறை வரை இலைப்பகுதி முழுவதும் புதிதாகிவிடுகிறது. இது தவிர, புயல் அலைகள் முழுச் செடிகளையே பாறையிலிருந்து பிடுங்கி எறிகின்றன.

உதிர்ந்த பாசி மூன்று வழிகளில் செல்கிறது. ஒரு பகுதி கரையொதுங்கி, சிறு பூச்சிகளுக்கும் அவற்றைத் தின்னும் கரைப் பறவைகளுக்கும் உணவாகிறது. மற்றொரு பகுதி ஒளி புகாத ஆழத்தில் படிந்து, எதுவும் விளையாத அப்பகுதியின் உயிர்களை வாழ்விக்கிறது. எஞ்சியது துகளாகி நீரில் மிதக்கிறது. புதிதாக உதிர்ந்த பழுப்புப் பாசியில் உள்ள துவர்ப்புப் பொருள்களைப் பல உயிர்கள் விரும்புவதில்லை. நாளடைவில் இவை நீரில் கரைந்து வெளியேற, பாக்டீரியாக்கள் துகளின் மேல் குடியேறுகின்றன. அதனால் துகளில் நைட்ரஜன் விகிதம் உயர்ந்து உணவுத்தரம் கூடுகிறது. சாணமும் தழையும் மட்கி எருவாவதை ஒத்த மாற்றம் இது.

அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் நடத்தி 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்றளித்தது. கடல் நீர்நாய்கள் முள்ளெலிகளைத் தின்று கட்டுப்படுத்தியதால் கெல்ப் செழித்திருந்த தீவுகளில், சிப்பிகள் பிற தீவுகளைவிட விரைவாக வளர்ந்தன. உடலில் உள்ள கார்பன் வகைகளை அளந்தபோது, கெல்ப்பை ஒருபோதும் மேயாத மீன்களிலும் நீர்க்காகங்களிலும்கூட அதன் கார்பன் கலந்திருப்பது புலப்பட்டது.

நம் கரைகளின் நிலை

நமது வெதுவெதுப்பான கடலில் கெல்ப் வளர்வதில்லை. எனினும் அதே பணியைப் பிற பாசிகளும் கடற்புற்களும் ஆற்றுகின்றன. திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம், விழிஞ்சம், முல்லூர் பகுதிகளின் பாறைகளில் சர்காசம், உல்வா, கிராசிலேரியா முதலிய பாசிகள் வளர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் இவற்றைப் பிய்த்துச் சிதைக்கின்றன. அதே பாறைகளில்தான் பழுப்புச் சிப்பி படர்கிறது. கொல்லம் முதல் குமரிமுனை வரையிலான கரை இவ்வினத்தின் முதன்மை வாழிடமாகும். நீரை வடிகட்டி, நுண்தாவரங்களையும் சிதைவுத் துகள்களையும் சிப்பி உண்கிறது. மூச்சடக்கி மூழ்கி அதனைப் பெயர்த்தெடுப்போர் அதனைக் கொண்டே குடும்பம் நடத்துகின்றனர்.

இங்கு 2015ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கிய விழிஞ்சம் துறைமுகம் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தொழில் பாதிக்கப்பட்டதாகச் சிப்பித் தொழிலாளர் இழப்பீடு கோரினர். இழப்பீடு என்பது தனிமனிதரின் வருமான இழப்பை ஈடு செய்யும். பாறையும் பாசியும் சேர்ந்து அண்டைக் கடலுக்கு அளித்துவந்த உணவுக்கு அதில் தலைப்பு இல்லை.

குமரிமுனைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இத்தொடர்பு இன்னும் விரிவானது. அங்குள்ள கடற்புல் படுகைகளில் ஆவுளியா மேய்வது போக எஞ்சிய இலைகள் உதிர்ந்து மட்குகின்றன. அம்மட்கு கலந்த மணலை விழுங்கிக் கடல் அட்டை வாழ்கிறது. இறால் குஞ்சுகள் அப்படுகைகளில் வளர்ந்து பின்னர் ஆழ்கடலில் பிடிபடுகின்றன. படுகையை இழுவலை உழுதுவிட்டால், அதன் இழப்பை வேறோர் ஊரின் மீனவர் உணர்வர். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டிலும், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆவுளியாப் பாதுகாப்பகம் 2022ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டன. இவற்றின் பயன் எல்லைக்கு வெளியேயும் சேர்கிறது.

கணக்கில் சேர்க்க வேண்டியவை

கடற்பாசியைத் தொழிலாக வளர்ப்பது வரவேற்கத்தக்கதே. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் பலர் பாசி சேகரித்துப் பிழைக்கின்றனர். கயிற்றிலும் மிதவையிலும் வளர்ப்பது இயற்கைப் படுகையின் மீதான சுமையைக் குறைக்கும். ஆனால் இயற்கைப் படுகையின் இருப்பு முழுவதையும் ‘பயன்படுத்தப்படாத வளம்’ எனக் குறிப்பது பொருந்தாது. அதன் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே நுகர்வோர் உள்ளனர்.

எனவே, அறுவடை அளவை வரையறுக்கும் முன், அப்படுகையின் சிதைவை உண்டு வாழும் சிப்பி, இறால், கடல் அட்டை ஆகியவற்றின் நிலையையும் அளத்தல் வேண்டும். பாசியை வேரோடு பறிக்காமல் மேற்பகுதியை மட்டும் வெட்டுதல், அது மீண்டும் வளரும் காலத்தில் சேகரிப்பை நிறுத்துதல் ஆகியவை செலவின்றி மேற்கொள்ளத்தக்கவை. கரையோரக் கட்டுமானங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில், மூடப்படும் பாறையின் பரப்புடன் அது அளித்துவந்த உணவின் மதிப்பும் இடம்பெற வேண்டும். சிப்பி எடுப்போர் இம்மாற்றங்களை அன்றாடம் காண்பவர்கள். அவர்களது பட்டறிவையும் இக்கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்வது, முடிவுகள் உண்மை நிலையை ஒட்டி அமைய உதவும்.