குடித்து வண்டி ஓட்டி முதல் தடவை பிடிபட்டால்...

செகந்திராபாத்திலும் அதன் கன்டோன்மெண்ட் பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர் உண்டு. ஆட்டோ, டாக்சி, பள்ளிக்கூட வேன், லாரி என எதுவானாலும் சரி. வீட்டில் உலை கொதிப்பது லைசென்சு என்ற அந்தச் சிறிய அட்டையால்தான். கல்யாண விருந்தில் நண்பர்களுடன் உட்கார்ந்துவிட்டு நள்ளிரவில் திரும்புகிறவரைச் சாலையில் மறித்து, போலீசார் ஒரு சிறு கருவியை நீட்டி ஊதச் சொல்கிறார்கள். அதில் தெரியும் எண்ணைப் பொறுத்தது அடுத்த பல மாதத்துப் பிழைப்பு.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. "ஒரே ஒரு கிளாஸ்தானே" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒல்லியான உடம்புக்கும் வெறும் வயிற்றுக்கும் அந்த ஒரு கிளாஸே போதும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2019 செப்டம்பருக்கு முன் இந்த அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது. பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் வந்து திகைப்பவர்கள் உண்டு.

ஊத மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதால் பயனில்லை. தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே அவருக்கு எதிரான சான்றாகிவிடும். வண்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல் உண்டு. உடன் வந்தவர் குடிக்காதவராக இருந்து, அவரிடம் லைசென்சும் இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்; யாரும் இல்லாவிட்டால் உறவினரை வரவழைத்துக் கொடுக்க வேண்டும் என்று 2021 நவம்பரில் தெலுங்கானா ஐகோர்ட்டு கூறியிருக்கிறது.

வகுப்பு

ஐதராபாத்தில் பிடிபட்டவர் கோர்ட்டுக்குப் போகுமுன் கோஷாமகாலிலோ பேகம்பேட்டையிலோ உள்ள போக்குவரத்துப் போலீஸ் பயிற்சி நிலையத்துக்குச் சென்று, அறிவுரை வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். தனியாகப் போனால் போதாது. தாய், தகப்பன், மனைவி என வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

பத்தாயிரம் ரூபாயைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று துணிகிறவர்களும் இந்த ஒரு நிபந்தனையில்தான் தளர்ந்து போகிறார்கள். விஷயத்தை வீட்டுக்குச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்ற எண்ணம் அங்கே உடைகிறது. யாரையாவது "இவர் என் அண்ணன்" என்று கூட்டிப்போய்ச் சமாளிக்கலாமா என்று யோசிப்பவர்கள் இல்லாமல் இல்லை. வகுப்பில் விபத்துக் காட்சிகளைப் படமாகக் காட்டுகிறார்கள். பிறகு அதிகாரிகள் பேசுகிறார்கள். பேச்சு தெலுங்கிலும் இந்தியிலும் நடக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது சிரமம் இல்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் பேச்சில் பாதி புரியாது. படம் மட்டும் முழுக்கப் புரியும். அன்றிரவு வீட்டில் நடக்கும் பேச்சுக்குப் போலீசார் பொறுப்பில்லை. ஆனால் அபராதத்தைவிட அதுதான் அதிகம் வேலை செய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

நன்னடத்தைப் பிணை

அடுத்தது மாஜிஸ்திரேட் கோர்ட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அபராதம்தான். உடம்பில் ஏறியிருந்த அளவு அதிகமானால் சில நாள் சிறையும் சேரும்.

வேறொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணத்தையும் பார்த்து, தண்டனை விதிக்காமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட்டு விடுவிக்கலாம். பத்திரத்தின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வை வேண்டும் என்று உத்தரவானால் அது ஓர் ஆண்டுக்குக் குறையாமல் நடக்கும். எங்கே குடியிருப்பது என்பதற்கும் நிபந்தனை போடலாம். போதைப் பொருளைத் தொடக் கூடாது என்றும் போடலாம். வழக்கமாகக் குடிக்கிறவருக்கு இந்தக் கடைசி நிபந்தனை சிறைக் கதவைவிடக் கனமானது. சிறையில் பாட்டில் கிடைக்காது. வெளியே தெருமுனையிலேயே கடை இருக்கும்.

நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கான தண்டனையை அப்போது விதிக்கலாம். முதல் தடவை தவறினால் 50 ரூபாய் வரை தண்டம் விதித்துப் பிணையைத் தொடரவும் சட்டம் இடம் தருகிறது. 1958-ல் 50 ரூபாய்க்கு இருந்த மதிப்பு வேறு!

இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் சட்டப்படி வரக்கூடிய தகுதிக் குறைவு வராது. அரசு வேலைக்கு மனுப் போட்டிருக்கும் வாலிபனுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் இது உரிமை அல்ல, கோர்ட்டின் கருணை. வக்கீல் கேட்காமல் கிடைப்பது அரிது. ஆள் இறந்துபோன வழக்குகளில் டிரைவர்களுக்கு இந்தச் சலுகை காட்டுவதற்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டு 2000-ஆம் ஆண்டில் கடுமையாகவே பேசியிருக்கிறது. யாருக்கும் அடிபடாமல், சோதனையில் மட்டும் சிக்கியவர்தான் நம்பிக்கையோடு கேட்க முடியும்.

லைசென்சு

கோர்ட்டு வேலை முடிந்தாலும் லைசென்சு கைக்கு வந்துவிடாது. 2019 திருத்தப்படி போலீசார் அதைப் பறித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே உரியவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, முதல் குற்றமானால் மூன்று மாதம் ஓட்டத் தடை விதிக்கலாம். இந்த விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடுவது பெரிய தப்பு. வீட்டு நிலைமை, பிழைப்பு, இதுவரை வழக்கு எதுவும் இல்லாதது ஆகியவற்றை எடுத்துச் சொல்ல அதுதான் இடம். தடை முடிந்த பின்னும், டிரைவர்களுக்கான மறுபயிற்சி வகுப்பில் தேறினால்தான் லைசென்சு திரும்பும்.

மூன்று மாதம் என்பது மாதச் சம்பளக்காரருக்கு பஸ்சில் போய்வரும் தொல்லை. ஆட்டோக்காரருக்கோ 90 நாள் பட்டினி. வாடகையும் வட்டியும் நெருக்க, "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று தடைக் காலத்தில் வண்டியை எடுப்பவர்கள் அதற்குத் தனியாக மூன்று மாதம் வரை சிறைக்கும் 10,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகிறார்கள். அதைவிட, ஆட்டோவைத் தெரிந்த வேறொரு டிரைவருக்கு வாடகைக்கு விட்டு, தாம் கொஞ்ச நாள் மூட்டை தூக்குகிறவர் கெட்டிக்காரர்.

இரண்டாம் தடவை பிடிபட்டால் கணக்கே வேறு: இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம், லைசென்சும் ரத்தாகும். குடியை விட முடியாமல் தவிப்பவர் வீட்டார், மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லாத எண்ணுக்குப் போன் செய்து, சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டறியலாம். அந்தப் போனை மனைவியே செய்தாலும் சரிதான்.